28159 என்ற எண் எதை உறுதிசெய்கிறது? விக்-20 கணினிக்கு 32 கிலோபைட் நினைவகம் சேர்த்த அனுபவம்

கமடோர் விக்-20 கணினியை இயக்கியதும், வெள்ளைத் திரையில் நீல எழுத்தில் பேசிக் மொழியின் பெயர் தோன்றுகிறது. அதன் கீழேயே நிரல் எழுத எவ்வளவு இடம் இருக்கிறது என்ற கணக்கும் வந்துவிடுகிறது. எதுவும் சேர்க்கப்படாத இயந்திரத்தில் அந்தக் கணக்கு 3583 பைட்டுகள். 1980-இல் ஜப்பானில் விக்-1001 என்ற பெயரில் வெளிவந்து, 1981 முதல் மற்ற நாடுகளுக்குப் பரவி, பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் கணினி என்ற இடத்தைப் பிடித்த இந்த இயந்திரத்தில் ஒருவர் எழுதும் நிரல், அதன் மாறிகள், சரங்கள் எல்லாம் இந்த மூன்றரைக் கிலோபைட்டுக்குள் அடங்கியாக வேண்டும். என்னிடம் இருக்கும் இயந்திரத்துக்கு நானே நினைவகம் சேர்த்து, அதில் செயலி நேரடியாகப் புரிந்துகொள்ளும் பொறிமொழியில் ஒரு முழுமையான நிரலை ஓடவிட்டதையும், இடையில் ஒரு சரியான எண் என்னை எப்படித் தவறாக வழிநடத்தியது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

நினைவகம் சேர்ப்பதற்கு முன் அது எங்கே போய் அமரப்போகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். விக்-20-இன் உள்ளே இருப்பது 5 கிலோபைட். முகவரி 0 முதல் 1023 வரையுள்ள ஒரு கிலோபைட் கணினியின் சொந்தக் குறிப்பேடாகப் பயன்படுகிறது. 4096 முதல் 8191 வரையுள்ள நான்கு கிலோபைட்டில் கடைசி 512 பைட்டுகளைத் திரை எடுத்துக்கொள்கிறது, மீதியே நமக்கு. இடையில் 1024 முதல் 4095 வரை மூன்று கிலோபைட் வெற்றிடமாக விடப்பட்டிருக்கிறது. 8192-இல் தொடங்கி எட்டு எட்டுக் கிலோபைட்டாக மூன்று பிளாக்குகள், அதாவது பிளாக் 1, பிளாக் 2, பிளாக் 3 ஆகியவை, 32767 வரை காலியாக நிற்கின்றன. 32768-க்கு மேல் எழுத்துவடிவ ரோம் (படிக்க மட்டுமே இயலும் நினைவகம்), வீடியோ சில்லு, நிற நினைவகம் ஆகியவை வருகின்றன. அதன்பின் 40960-இல் பிளாக் 5 இருக்கிறது. விளையாட்டுக் கார்ட்ரிட்ஜுகள் குடியேறும் இடம் அதுதான். 49152-இல் பேசிக் ரோமும், 57344-இல் இயந்திரத்தை இயக்கும் அடிப்படை நிரலான கெர்னலின் ரோமும் தொடங்குகின்றன.

அக்காலத்தில் கமடோர் 3, 8, 16 கிலோபைட் அளவுகளில் தனித்தனிக் கார்ட்ரிட்ஜுகளை விற்றது. அவற்றைத் தேடி வாங்குவதைவிட, இன்று எளிதாகக் கிடைக்கும் ஒற்றை 62256 சில்லைக் கொண்டு நானே ஒன்றைக் கட்டுவது என்று முடிவு செய்தேன். அது 32 கிலோபைட் நிலைநினைவகம். அதற்குப் புதுப்பிப்புச் சுற்று தேவையில்லை. 70 நானோநொடி வேகம் கொண்டது. விக்-20-இன் 6502 செயலி ஏறத்தாழ ஒரு மெகாஹெர்ட்ஸில் இயங்குவதால் இந்தச் சில்லின் வேகம் தேவைக்கு மிக அதிகமாகவே இருக்கிறது. பழைய கார்ட்ரிட்ஜுகளில் பல சில்லுகள் சேர்ந்து இழுத்த மின்சாரத்தில் ஒரு சிறு பகுதியே இதற்குப் போதும் என்பது, நாற்பது ஆண்டுகளைக் கடந்த மின்வழங்கியை நம்பியிருக்கும் இயந்திரத்துக்குப் பெரிய ஆறுதல். பிளாக் 1, 2, 3, 5 என நான்கு எட்டுக் கிலோபைட்டுகளைக் கூட்டினால் சரியாக 32 வருகிறது. ஒரு பைட் கூட வீணாகாத இந்தப் பொருத்தமே என்னை வேலையில் இறக்கியது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. 62256-க்கு ஏ0 முதல் ஏ14 வரை பதினைந்து முகவரிக் கம்பிகள் வேண்டும். விக்-20-இன் விரிவாக்க வாயிலோ ஏ0 முதல் ஏ13 வரை மட்டுமே வெளியே தருகிறது. அதற்கு மேற்பட்ட முகவரியைக் கணினி உள்ளேயே பிரித்து, எந்த பிளாக் தேவைப்படுகிறதோ அதற்குரிய தெரிவுக் கம்பியைத் தாழ்நிலைக்கு இழுக்கிறது. ஆகவே ஏ0 முதல் ஏ12 வரை நேராக இணைத்துவிட்டு, சில்லின் மேல் இரண்டு முகவரிக் கால்களையும் தெரிவுக் காலையும் அந்த நான்கு பிளாக் கம்பிகளிலிருந்து நானே உருவாக்க வேண்டியிருந்தது.

இதற்காக ஒரு மாலை முழுவதும் தாளில் வரைந்து பார்த்தேன். முதலில் தோன்றிய வழிகளில் குறிவிலக்கிச் சில்லுகளும் தலைகீழாக்கிகளும் சேர்ந்து எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. பிறகுதான், எந்த பிளாக் சில்லின் எந்தக் கால்பகுதியில் அமர்கிறது என்பது முக்கியமே இல்லை, நான்கும் வெவ்வேறு பகுதியில் அமர்ந்தால் போதும் என்பது உறைத்தது. அதன்பின் விடை தானாகவே விழுந்தது. பிளாக் 1, பிளாக் 2 ஆகிய இரு கம்பிகளை ஓர் ஆண்ட் கேட்டில் (எல்லா உள்ளீடுகளும் உயர்ந்தால் மட்டுமே வெளியீடு உயரும் சுற்று) கொடுத்து, அதன் வெளியீட்டைச் சில்லின் ஏ13 காலுக்குத் தருகிறோம். பிளாக் 1, பிளாக் 3 ஆகியவற்றை இன்னோர் ஆண்ட் கேட்டில் கொடுத்து ஏ14 காலுக்குத் தருகிறோம். கம்பிகள் தாழ்நிலையில் செயல்படுபவை என்பதால், பிளாக் 1 தெரிவாகும்போது இரண்டு கால்களும் 0, 0 ஆகின்றன. பிளாக் 2-க்கு 0, 1. பிளாக் 3-க்கு 1, 0. பிளாக் 5-க்கு 1, 1. நான்கும் வேறு வேறு. தெரிவுக் காலுக்கு நான்கில் ஏதேனும் ஒன்று தாழ்ந்தால் தாழ வேண்டும். அதற்கு பிளாக் 3, பிளாக் 5 ஆகியவற்றை மூன்றாவது கேட்டில் சேர்த்து, முதல் கேட்டின் வெளியீட்டுடன் நான்காவது கேட்டில் இணைத்தால் போதும். ஆக மொத்தம் நான்கு ஆண்ட் கேட்டுகள். ஒரு 74எச்சிடி08 சில்லில் இருப்பவை நான்கே நான்கு. இந்த நிறைவு எனக்குத் தந்த மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை.

எழுதும் சமிக்ஞையில் மட்டும் கூடுதல் கவனம் எடுத்துக்கொண்டேன். 6502 குடும்பத்தில், கடிகாரத்தின் இரண்டாம் கட்டமான ஃபை-2 உயர்ந்திருக்கும் பாதிச் சுழற்சியில்தான் எழுதப்படும் தரவு நம்பத்தக்கது. மறுபாதியில் முகவரியும் படி/எழுது கம்பியும் மாறிக்கொண்டிருக்கும். செயலியின் படி/எழுது கம்பியைச் சில்லுக்கு நேரடியாகத் தரும் எளிய வரைபடங்களும் உண்டு. ஆயினும் ஒரு 74எச்சிடி00 சில்லின் இரண்டு நாண்ட் கேட்டுகளை (ஆண்ட் கேட்டின் நேர்மாறு) கொண்டு, ஃபை-2 உயர்ந்திருக்கும்போது மட்டுமே எழுதும் கால் தாழும்படி அமைத்தேன். ஒரு சில்லு கூடுதலானாலும், பின்னால் பிழை தேடும்போது சந்தேகப்பட வேண்டிய இடம் ஒன்று குறைகிறது என்பதால் இது சரியான செலவு என்றே கருதுகிறேன். எஞ்சிய இரண்டு கேட்டுகளின் உள்ளீடுகளைக் கிரவுண்டுடன் கட்டிவிட்டேன்.

ஒவ்வொரு பிளாக்கையும் தனித்தனியே நிறுத்தி வைக்க நான்கு சிறு சுவிட்சுகளைச் சேர்த்தேன். சில பழைய நிரல்கள் நினைவகம் கூடியிருந்தால் ஓட மறுக்கும். பிளாக் 5-இல் அமரும் கார்ட்ரிட்ஜைச் செருகும்போது அங்கே நம் நினைவகம் இருக்கவே கூடாது. சுவிட்சைத் திறந்ததும் கேட்டின் உள்ளீடு எதனுடனும் இணையாமல் அந்தரத்தில் நிற்கும். எச்சிடி வகைச் சில்லுகளில் அப்படி நிற்கும் உள்ளீடு 0 என்றும் 1 என்றும் மாறி மாறித் தோன்றக்கூடியது. ஆகவே நான்கு கம்பிகளுக்கும் பத்துக் கிலோஓம் மின்தடை ஒன்று வீதம் ஐந்து வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டினேன். மூன்று சில்லுகளின் மின்கால்களுக்கு அருகிலும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒவ்வொன்றை வைத்தேன். விரிவாக்க வாயிலில் இருக்கும் ரீசெட் கம்பியை ஓர் அழுத்துவிசை வழியாகக் கிரவுண்டுக்குக் கொண்டுவந்தேன். விக்-20-இல் ரீசெட் பொத்தான் கிடையாது என்பதால் இது பின்னால் மிகவும் உதவியது.

கட்டும் வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விக்-20-இன் வாயில் 44 தொடுபுள்ளிகள் கொண்டது. புள்ளிகளுக்கு இடையே 3.96 மில்லிமீட்டர் தூரம். சாதாரணத் துளைப்பலகையின் 2.54 மில்லிமீட்டர் இடைவெளி அதற்குப் பொருந்தாது. ஆகவே விளிம்பில் தங்கப்பூச்சுத் தொடுபுள்ளிகளும் நடுவில் துளைகளும் கொண்ட வெற்றுக் கார்ட்ரிட்ஜ் பலகை ஒன்றை எடுத்துக்கொண்டு, மெல்லிய கம்பிகளால் அடிப்பக்கத்தில் இணைப்புகளைச் சால்டர் செய்தேன். சில்லுகளை நேரடியாகச் சால்டர் செய்யாமல் சாக்கெட்டுகளில் வைத்தேன்.

இயந்திரத்தில் செருகுவதற்கு முன் கணினியின் வாயிலை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய அட்டையால் பலமுறை துடைத்தேன்; அட்டை கறுப்பாக வெளியே வந்தது. பிறகு 21-ஆவது தொடுபுள்ளியில் மின்னழுத்தத்தை அளந்து 5 வோல்ட் சரியாக இருப்பதை உறுதிசெய்தேன். விக்-20-இன் முந்தைய வடிவம் வெளியிலிருந்து 9 வோல்ட் மாறுமின்னோட்டத்தை மட்டும் பெற்று 5 வோல்ட்டை உள்ளேயே உண்டாக்குகிறது. பிந்தைய வடிவத்திலோ 5 வோல்ட் வெளி மின்வழங்கியிலிருந்தே வருகிறது. என்னுடையது பிந்தையது. அதன் பழைய மின்வழங்கியை அளந்து பார்க்காமல் எந்தச் சில்லையும் அதன் முன் வைக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கடைசியாகச் சில்லுகள் இல்லாத வெறும் பலகையைச் செருகி இயக்கினேன்; வழக்கமான 3583 வந்தது. குறுக்குச்சுற்று இல்லை என்று தெரிந்தபின் சில்லுகளைப் பொருத்தினேன்.

இயக்கியதும் ஒரு கணம் தாமதித்து, 28159 என்று காட்டியது. பிளாக் 1, 2, 3 மூன்றும் சேர்ந்தால் வரவேண்டிய எண் துல்லியமாக அதுதான்: நினைவகத்தின் உச்சி 32768, விரிவாக்கப்பட்ட இயந்திரத்தில் பேசிக் தொடங்குவது 4608, இரண்டின் வித்தியாசத்தில் ஒன்று குறைவு. வேலை முடிந்துவிட்டது என்று எழுந்தேன். சிறு நிரல்கள் இரண்டைத் தட்டச்சு செய்து ஓட்டினேன்; எல்லாம் சரியாகவே ஓடின.

மறுநாள், கிடைத்த இடத்தை உண்மையிலேயே நிரப்பிப் பார்க்க எண்ணி, 9000 உறுப்புகள் கொண்ட முழுஎண் அணி ஒன்றை அறிவித்தேன். ஒவ்வோர் உறுப்பிலும் அதன் வரிசை எண்ணையே எழுதி, பிறகு முதலிலிருந்து படித்துச் சரிபார்க்கும்படி நான்கு வரி நிரல் ஒன்றை ஓட்டினேன். முதல் 1,700 வரையிலான உறுப்புகள் சரியாக வந்தன. அதன்பின் தவறுகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. 2000-ஆவது உறுப்பில் 6096 இருந்தது, 2001-இல் 6097, 3000-இல் 7096. 4904-ஆவது உறுப்போடு தவறுகள் திடீரென்று நின்றன; 4905 முதல் 9000 வரை எல்லாம் மறுபடி சரி.

இது தற்செயலான பிழை அல்ல என்பது பார்த்தவுடன் தெரிந்தது. பழுதான சில்லோ தளர்ந்த சால்டரோ இவ்வளவு ஒழுங்காகப் பொய் சொல்லாது. தவறான உறுப்பு ஒவ்வொன்றும் தன் எண்ணைவிடச் சரியாக 4096 அதிகமான எண்ணைக் காட்டியது. பேசிக்கின் முழுஎண் அணியில் ஓர் உறுப்புக்கு இரண்டு பைட். 4096 உறுப்புகள் என்றால் 8192 பைட்டுகள், அதாவது ஒரு முழு பிளாக். 2000-ஆவது உறுப்பில் எழுதிய எண்ணை, ஒரு பிளாக் தள்ளியிருக்கும் 6096-ஆவது உறுப்பில் பின்னால் எழுதிய எண் அழித்திருக்கிறது. பிளாக் 1-உம் பிளாக் 2-உம் சில்லின் ஒரே பகுதியைப் பகிர்ந்துகொள்கின்றன. முதல் 1,700 உறுப்புகள் தப்பியது, அவை 8192-க்குக் கீழே இயந்திரத்தின் சொந்த நினைவகத்தில் இருந்ததால். கடைசி உறுப்புகள் தப்பியது, அவற்றுக்கு மேலே ஒரு பிளாக் தள்ளி எழுத அணியில் எதுவும் மீதமில்லாததால்.

எல்லா பிளாக்குகளின் நிலையையும் அறிய எளிய சோதனை ஒன்றைச் செய்தேன். ஒவ்வொரு பிளாக்கின் நடுப்புள்ளியிலும் அந்த பிளாக்கின் எண்ணையே எழுதினேன்: 12288-இல் 1, 20480-இல் 2, 28672-இல் 3, 45056-இல் 5. நான்கையும் எழுதி முடித்த பிறகே நான்கையும் படித்தேன். 1, 2, 3, 5 என்று வரவேண்டிய இடத்தில் 2, 2, 5, 5 என்று வந்தது. 1-உம் 2-உம் ஒன்று. 3-உம் 5-உம் ஒன்று. என் வரைபடத்தில் இந்த இரண்டு இணைகளையும் ஒன்றிலிருந்து மற்றொன்று பிரித்துக்காட்டும் ஒரே கம்பி ஏ14. அது ஏ13-ஐப் போலவே நடந்துகொள்கிறது என்றுதான் இதற்குப் பொருள். பலகையைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்ததும் உறுதியானது: சில்லின் ஏ14 காலிலிருந்து வந்த கம்பியை 74எச்சிடி08-இன் 6-ஆவது காலில் இணைப்பதற்குப் பதிலாக 3-ஆவது காலில் இணைத்திருந்தேன். பலகையைத் திருப்பி அடிப்பக்கத்திலிருந்து வேலை செய்யும்போது கால்களின் வரிசை கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் மாறித் தெரியும். அந்த இடத்தில் எண்ணிக்கை பிசகியிருக்கிறது. ஒரு கம்பியை எடுத்து இடம் மாற்றினேன். 1, 2, 3, 5 வந்தது.

இத்தனை தவறுக்கும் இடையில் 28159 எப்படி வந்தது என்பதை யோசித்தபோது, கெர்னல் செய்யும் சோதனையின் இயல்பு விளங்கியது. இயந்திரம் தொடங்கும்போது கெர்னல் 1024-இலிருந்து ஒவ்வொரு முகவரியாக மேலே ஏறிச் செல்கிறது. ஒவ்வொன்றிலும் 85, 170 என்ற இரு எண்களை எழுதி உடனே படித்துப் பார்த்து, பழைய மதிப்பைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது. 85-உம் 170-உம் இரும எண்களில் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை என்பதால், ஒரு பைட்டின் எட்டு பிட்டுகளும் வேலை செய்கின்றனவா என்பதை இது நன்றாகவே கண்டுபிடிக்கும். எழுதிய கையோடு படிப்பதால், அந்த எழுத்து வேறொரு முகவரியையும் மாற்றியதா என்பதை மட்டும் அது ஒருபோதும் அறியாது. பதினாறு கிலோபைட் மட்டுமே உண்மையில் செயல்படும் பலகைக்கும் அது முழு மதிப்பெண் கொடுக்கும். அதைக் குறை சொல்ல முடியாது. நினைவகத்தின் உச்சி எங்கே என்று கண்டறிவதே அதன் வேலை. அதைப் பழுதுநீக்கும் சோதனையாக நான் எடுத்துக்கொண்டதுதான் தவறு.

அதனால் சரியான சோதனை ஒன்றைப் பொறிமொழியில் எழுதினேன். டேப்புக்கான இடைநினைவகம் 828-இல் தொடங்குகிறது. டேப்பைப் பயன்படுத்தாதபோது அந்த 192 பைட்டுகள் சிறு நிரல்களுக்கு நல்ல இடம். அங்கே அமரும் இந்த நிரல், முதல் சுற்றில் 32 கிலோபைட்டின் ஒவ்வொரு முகவரியிலும் அந்த முகவரியின் மேல் பைட்டையும் கீழ் பைட்டையும் கூட்டிய எண்ணை எழுதுகிறது. எல்லாம் எழுதி முடித்த பின்னரே இரண்டாம் சுற்றில் படித்து ஒப்பிடுகிறது. பிறகு அதே எண்களைத் தலைகீழாக்கி மறுபடியும் செய்கிறது. அடுத்தடுத்த பிளாக்குகளின் ஒத்த இடங்களில் வெவ்வேறு எண்கள் விழுவதால், முகவரிக் கம்பி எதுவும் இன்னொன்றாக நடிக்க முடியாது. ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டேன். ஒரு பிழையும் இல்லை.

நினைவகம் சரியான பின்பும் பழைய நிரல்கள் சில விநோதமாக நடந்துகொண்டன. இதற்குக் காரணம் என் பலகை அல்ல, விக்-20-இன் வடிவமைப்பு. வீடியோ சில்லால் வெளியிலிருந்து சேர்க்கும் நினைவகத்தைப் பார்க்க இயலாது. இயந்திரத்தின் உள்நினைவகத்தையும் எழுத்துவடிவ ரோமையும் மட்டுமே அது அறியும். எனவே 8 கிலோபைட்டோ அதற்கு மேலோ சேர்ந்ததும் கெர்னல் திரையை 7680-இலிருந்து 4096-க்கும், நிற நினைவகத்தின் தொடக்கத்தை 38400-இலிருந்து 37888-க்கும் மாற்றி, பேசிக்குக்கு 4608 முதல் ஒரே நீளமான நிலப்பரப்பைத் தந்துவிடுகிறது. 7680 என்று எண்ணை நேராக எழுதிய பழைய நிரல், இப்போது திரையில் எதையும் காட்டாமல் பேசிக்கின் நிலத்துக்குள் எழுத்துகளைக் கொட்டுகிறது. இதற்கு நல்ல தீர்வு, திரையின் இடத்தை எண்ணாக எழுதாமல் இயந்திரத்திடமே கேட்பது: முகவரி 648-இல் இருக்கும் மதிப்பை 256-ஆல் பெருக்கினால் திரையின் தொடக்கம் கிடைக்கிறது. அந்த மதிப்பு சாதாரண இயந்திரத்தில் 30, விரிவாக்கப்பட்டதில் 16.

சொந்த எழுத்துவடிவங்களை வரைய விரும்பியபோது இதே கட்டுப்பாடு இன்னொரு முகத்தைக் காட்டியது. வடிவங்கள் வீடியோ சில்லின் கண்ணுக்குத் தெரியும் உள்நினைவகத்தில் இருக்க வேண்டும். ஆனால் அந்த இடத்தில் இப்போது பேசிக் நிரல் குடியிருக்கிறது. பேசிக்கை 8192-க்கு மேலே ஏற்றிவிடுவதே வழி. போக் 44,32 : போக் 8192,0 : நியூ என்ற ஒரு வரியில் அது முடிந்துவிடுகிறது (போக் ஒரு முகவரியில் மதிப்பை எழுதும் கட்டளை, நியூ இருக்கும் நிரலை அழிக்கும் கட்டளை). 4608 முதல் 8191 வரை காலியாகிறது. 6144-இல் 256 வடிவங்களையும் வைத்து, போக் 36869,206 என்றால் வீடியோ சில்லு அங்கிருந்து படிக்கத் தொடங்குகிறது. மூன்றரைக் கிலோபைட்டை இப்படி விட்டுக்கொடுத்த பிறகும் பேசிக்குக்கு 24 கிலோபைட் மிஞ்சுகிறது. சேர்த்த நினைவகத்தின் உண்மையான பயன், பெரிய நிரல் எழுதுவதைவிட, உள்நினைவகத்தை முழுக்கத் திரைக்கு ஒதுக்கிவிட முடிவதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

இந்த இடத்தில் எதை ஓடவிடுவது என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. ஜான் கான்வே உருவாக்கி 1970-இல் பரவலாக அறிமுகமான லைஃப் விளையாட்டை இதே இயந்திரத்தில் முன்பு பேசிக்கில் எழுதியிருந்தேன். ஒவ்வொரு கட்டமும் தன்னைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எத்தனை உயிருடன் இருக்கின்றன என்று எண்ணுகிறது. மூன்று என்றால் அடுத்த தலைமுறையில் உயிர் உண்டு. இரண்டு என்றால் இப்போதைய நிலை தொடரும். மற்ற எதற்கும் உயிர் இல்லை. விக்-20-இன் திரை 22 பத்திகளும் 23 வரிகளும் கொண்டது; 506 கட்டங்கள். ஒரு தலைமுறைக்கு 4048 முறை அண்டையை எட்டிப் பார்க்க வேண்டும். பேசிக்கில் இதற்கு ஏறத்தாழ அரை நிமிடம் ஆயிற்று.

பொறிமொழியில் இதை அமைக்கும்போது விளிம்புகளைத் தனியாகக் கவனிக்க வேண்டாம் என்று முடிவு செய்து, சுற்றிலும் ஒரு கட்ட அகலத்துக்கு வெற்று எல்லை வைத்தேன். 24-க்கு 25 என ஒரு களத்துக்கு 600 பைட்டுகள். பழைய தலைமுறைக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று. 3583 பைட் இயந்திரத்தில் இந்த ஆடம்பரம் யோசித்தே செய்ய வேண்டியது. இப்போது இரண்டையும் பிளாக் 5-இல் 43008-இலும் 44032-இலும் வைத்தேன். நிரலையே 40960-இல் வைத்தேன். பேசிக் பிளாக் 5-ஐத் தொடுவதே இல்லை என்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று இடையூறு இல்லாமல் இருக்கின்றன.

பூச்சியப் பக்கத்தில், அதாவது நினைவகத்தின் முதல் 256 பைட்டுகளில், பேசிக் நமக்கென்று விட்டுவைத்திருக்கும் நான்கு பைட்டுகள் 251 முதல் 254 வரை. இரண்டு முகவரிச் சுட்டிகளுக்கு அது சரியாகப் போதும். ஒரு சுட்டியை மூன்றுக்கு மூன்று சதுரத்தின் மேல் இடது மூலையில் நிறுத்தினால், அண்டைக் கட்டங்கள் எட்டும் 0, 1, 2, 24, 26, 48, 49, 50 என்ற தூரங்களில் இருக்கின்றன, நடுக்கட்டம் 25. ஒவ்வொரு தூரத்தையும் செயலியின் ஒய் பதிவேட்டில் வைத்துக் கூட்டிக்கொண்டே போகலாம். உயிருக்கு 1, இன்மைக்கு 0 என்று வைத்திருப்பதால் கூட்டுத்தொகை எட்டைத் தாண்டாது. மிகை பிட் (கூட்டலில் மேலே கொண்டுசெல்லும் 1) எழாது. ஆகவே அதைத் துடைக்கும் கட்டளையை ஒரு கட்டத்துக்கு ஒரு முறை சொன்னால் போதும்.

விதியைச் சோதிக்கும் பகுதியில்தான் எனக்கு மிகவும் பிடித்த வரி இருக்கிறது. மூன்றா என்று ஒரு முறை, இரண்டா என்று ஒரு முறை, இரண்டென்றால் நடுக்கட்டம் உயிருடன் இருக்கிறதா என்று ஒரு முறை எனக் கேட்கத் தேவையில்லை. கூட்டுத்தொகையுடன் நடுக்கட்டத்தை ஓஆர்ஏ கட்டளையால் பிட் வாரியாக இணைத்து, விடை 3-ஆ என்று மட்டும் கேட்டால் போதும். தொகை 3 என்றால் நடுவில் 0 இருந்தாலும் 1 இருந்தாலும் விடை 3. தொகை 2-ஆகவும் நடுவில் 1-ஆகவும் இருந்தால் 2-உம் 1-உம் சேர்ந்து 3. வேறெந்தத் தொகையும் எப்படிச் சேர்ந்தாலும் 3 ஆகாது. கான்வேயின் விதி முழுவதும் இரண்டு கட்டளைகளில் அடங்கிவிடுகிறது.

ஒரு கட்டத்துக்கு நூறு கடிகாரச் சுழற்சிகள் அளவில் ஆகின்றன. திரைக்குப் படியெடுப்பதையும் சேர்த்தால் ஒரு தலைமுறைக்கு அறுபதாயிரத்தைச் சற்றே தாண்டும். வீடியோ சில்லு கடிகாரத்தின் மறுபாதியில் தன் வேலையை முடித்துக்கொண்டு செயலியின் நேரத்தை எடுத்துக்கொள்ளாததால், நொடிக்குப் பதினைந்து தலைமுறைகள் அளவில் கிடைக்கின்றன.

நிரலை இன்றைய கணினியில் எழுதித் தொகுத்து, எஸ்டி அட்டையை வட்டு இயக்கிபோல் காட்டும் சிறு கருவி வழியாக ஏற்றினேன். இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. நிரலை அதன் சொந்த முகவரியிலேயே ஏற்றச் சொல்லும் 8,1 வடிவத்தில் ஏற்றியபின் பேசிக்கில் எந்த மாறியைத் தொட்டாலும் நினைவகம் தீர்ந்துவிட்டது என்ற பிழை வரும். 24 கிலோபைட் காலியாக இருக்கும்போது இந்தச் செய்தியைப் பார்த்து நான் மறுபடி சால்டர் இரும்பை எடுக்கப் போனேன். உண்மையில், ஏற்றி முடிந்த இடமே தன் நிரலின் முடிவு என்று பேசிக் குறித்துக்கொள்கிறது. அது 40960-க்கு மேலே, பேசிக்கின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. நியூ என்று ஒரு முறை தட்டினால் சுட்டிகள் சரியாகிவிடும். பிளாக் 5-இல் இருக்கும் பொறிமொழிக்கு எதுவும் ஆகாது.

ஒரு முகவரியில் உள்ள பொறிமொழியை ஓட்டும் கட்டளை சிஸ். சிஸ் 40960 என்று தட்டியதும் திரையின் நடுவில் நான் வைத்த ஐந்து புள்ளிகள் விரிந்து, சிதறி, விளிம்பில் மோதி, மறுபடி கூடத் தொடங்கின. பாதியில் ரீசெட் விசையை அழுத்தினேன். திரை வெளுத்து, 28159 என்ற எண் மீண்டும் வந்து நின்றது. கெர்னலின் சோதனை 32767-ஐத் தாண்டிப் போகாததால் பிளாக் 5 அப்படியே இருந்தது. களத்தைத் துடைக்கும் பகுதியைத் தாண்டி உள்ளே நுழையும் இரண்டாவது நுழைவாயிலுக்கு ஒரு சிஸ் கொடுத்தேன்; நிறுத்திய தலைமுறையிலிருந்தே புள்ளிகள் தொடர்ந்தன.